வெள்ளைத் துணி போடும் நாள்

"இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க. பின்னால தண்ணியும் தெரியணும்."

அப்பாவு படுக்கை விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். ஈரத் துணி கனத்தது. வடிந்த நீர் முதுகு வழியே இறங்கியது.

"மூஞ்சி மறையுதே டீச்சரம்மா. படம் எடுக்கச் சொல்ல மூஞ்சி வாணாமா?"

"அத மூஞ்சின்னு வேற சொல்லிக்கினு கீது" என்றாள் அவர் மனைவி வரலட்சுமி. முழங்காலளவு நீரில் நின்று தலையணை உறைகளை அலசிக்கொண்டிருந்தாள். "துணிய காட்டுய்யா. அதான் நல்லா கீது."

பஞ்சவர்ணம் பொத்தானை அழுத்தினாள். நிச்சயத்துக்கு இன்னொரு முறையும் அழுத்தினாள். கேமரா இரவல். கணவன் உத்தமன் தன் தொழிற்சாலை நண்பனிடம் கேட்டு வாங்கி வந்தது. உத்தமன் மொபெட்டை நிழலில் நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான்.

பட்டறைகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை காலை. கரை நெடுகக் கொடிகளில் விரிப்புகள், வேட்டிகள், மருத்துவமனை மேலங்கிகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை.

அந்த வெள்ளைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அஞ்சல் வழியில் சுற்றுச்சூழல் கொள்கை முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சும் முடிந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டு பக்கம். கால்வாயின் நீரை ஓராண்டு, வாரம் ஒரு முறை, ஐம்பத்திரண்டு முறை எடுத்துச் சோதித்திருந்தாள். 1986ல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பிறகு எஸ்டேட்டுப் பட்டறைகள் கழிவை அடக்கிக்கொண்டன, நீர் வரம்புக்குள் இருக்கிறது என்பது முடிவு. அதற்குச் சாட்சியாக மூன்றாம் படம். படத்தின் கீழே ஒரு வரி: இந்நீரில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளைத் துணி வெளுக்கிறார்கள். பழைய படம் இருண்டு விழுந்திருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் வேறு எடுத்து ஒட்டச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். பதிவு செய்து ஐந்தாண்டு அன்றோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து. எழுதித் தேறிய தாள்களும் போய்விடும்.

"இது சரியா விழலேன்னா புதன்கிழமை சாயங்காலம் திரும்ப வரட்டுமா?" என்று கேட்டாள். "ஒரு விரிப்பு மட்டும் பிடிச்சாப் போதும்."

அப்பாவு விரிப்பை இறக்கினார்.

"புதங்கெயமை வெள்ளை எப்டிம்மா வரும்?"

"ஏன்?"

"இன்னாம்மா கேக்குறே. புதங்கெயமை இந்தத் தண்ணில வெள்ளை போட்டா லாட்ஜுக்காரன் எனுக்குக் குடுக்கிற வேலையும் போயிடும். மஞ்சளா பூடும். சட்டைன்னா நூலு நூலா வரும்."

வரலட்சுமி நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கெயமை ஒரு நாள்தாம்மா இங்க. பட்டறை லீவு. சனிக்கெயமை சாயங்காலம் தொட்டியெல்லாம் கழுவி வுட்டுடுவான், ராத்திரியே ஓடிப்பூடும். காலீல வந்தா இப்டி கீது. மத்த நாள்ல கெணத்துல எறைச்சி கலர் துணி போடுவோம். வெள்ளைய மூட்ட கட்டி வெச்சிருப்போம்."

பஞ்சவர்ணம் கேமராவை உறையில் போட்டாள். உறையின் பட்டன் விழவில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

"எங்கிட்ட இத ஏன் சொல்லல?"

"நீ கரெக்டா ஞாயித்துக்கெயமைதானே வந்துகினு கீறே" என்றார் அப்பாவு. "உனுக்குத் தெரிஞ்சிதான் வர்றேன்னு நெனச்சேன். மொத நாளு தண்ணி எப்டின்னு கேட்டே. நல்லா கீதுன்னேன். நல்லாத்தானே கீது?"

உண்மை. அந்தப் பதிலும் ஆய்வேட்டில் இருந்தது. நாற்பத்தோராம் பக்கம்.

*

அவள் டீச்சரம்மா அல்ல. ஆவடியில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பாட்டில்களோடு வந்த முதல் வாரம் அப்பாவுவைத் திருத்தினாள். மூன்றாம் வாரம் விட்டுவிட்டாள். பள்ளியில் பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். வேதியியலில் பட்டம் வாங்கிய வருடமே திருமணம். உத்தமனுக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பி.எட். படிக்காததால் ஆசிரியை ஆக முடியவில்லை. ஆறு மாதத் தற்காலிகம் என்று ஆய்வகத்தில் சேர்ந்தாள். பதினான்கு வருடம் ஆகிவிட்டது. பிப்பெட் குழாயை வாயில் வைத்து அமிலத்தை உறிஞ்சி, கோட்டில் கொண்டு நிறுத்தும்போது அவள் விரல் அசையாது. அரசுச் செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர்கள், விடையைச் சரிபார்க்க ஆசிரியரை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்பார்கள்.

முதுகலைக்கான விளம்பரத் தாள் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் அதில் தேங்காய் பர்பி மடித்து அவளிடம் கொடுத்தார். பர்பியைத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கறையோடு படித்தாள். சுற்றுச்சூழல் கொள்கை. எந்த அறிவியல் பட்டமும் போதும். அன்று அவளுக்கு முப்பத்தாறு வயது. எதற்கு என்று உத்தமன் கேட்டதற்கு, "பாட்டில் கழுவாத நேரத்துல வேற என்ன செய்ய?" என்றாள்.

அவன் கேலி செய்தான், ஆனால் தடுக்கவில்லை. பருவநிலை பற்றிய தாளுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "உலகம் சூடாகுதுன்னு தெரிஞ்சுக்கிட பரிச்சை எழுதணுமாக்கும். மே மாசம் நம்ம குவார்ட்டர்ஸ் மொட்டை மாடில செருப்பில்லாம நடந்தாப் போதாதா" என்றான். பொருளாதாரத் தாளில் இரண்டு முறை தோற்றாள். அதில்தான் வருடங்கள் போயின. தோற்ற இரண்டு முறையும் அவன் மார்க்கெட்டிலிருந்து அவளுக்குப் பிடித்த நெத்திலி வாங்கி வந்தான்.

ஆய்வுக்கு எந்தக் கிழமை என்ற கேள்வி எழவே இல்லை. அவளுக்கு விடுமுறை ஞாயிறு. அவனுக்கும் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கூடையும் கூடைக்குள் ஆறு பாட்டில்களுமாகப் போனாள்.

*

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் தனியாகப் போனாள். மணி நாலரை. துணி துவைக்கும் கற்களில் ஒருவரும் இல்லை. கொடிகளில் ஒன்றும் காயவில்லை. நீரின் நிறம் மஞ்சளோடு பச்சை. மூக்கை அரித்தது. பாட்டிலை இறக்கி எடுத்து, தாளை நனைத்தாள். அமிலத்தில் சிவக்கும் தாள் அது. ஐம்பத்திரண்டு வாரம் ஒரே பழுப்பு மஞ்சளைக் காட்டிய தாள் விரலுக்கிடையில் சிவந்தது.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பிறகு நேரத்தையும் கிழமையையும் பாட்டிலில் எழுதி ஒட்டினாள்.

வீட்டில் உத்தமனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"ஐம்பத்திரெண்டு ஞாயித்துக்கெழமை" என்றான். "ஒரு ஞாயித்துக்கெழமையாவது உருப்படியா கறி எடுத்துச் சாப்பிட்டிருப்பமாடி?"

"நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு சொல்றீங்க."

"பெட்ரோல் போட்டு வண்டி ஓட்டுனவன் சொல்லத்தானே செய்வான்." சட்டையை ஆணியில் மாட்டினான். "எனக்கே தோணிருக்கணும். எஸ்டேட்டுக்குள்ளாறதான் போய்க்கிட்டு வந்தோம். ஒரு லாரி குறுக்க வரல. ஒரு சங்கு ஊதல. ரோடு காலியா இருக்கு, நல்லதாப் போச்சுன்னு விரட்டிக்கிட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யப்போற?"

"நாளைக்குப் பேராசிரியரைப் பார்க்கணும்."

*

ரகுநாதன் நகரத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். அஞ்சல் வழி மாணவர்கள் முப்பத்தோரு பேருக்கு வழிகாட்டி. நல்லவர். களைத்தவர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். மேசையில் இருந்த ஆய்வேட்டை எடுத்து அட்டவணைகளைப் புரட்டினார்.

"தேதிதான் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"கிழமை எங்கேயும் இல்லை."

"இல்லை சார்."

"அப்ப என்ன? யாரும் பழைய காலண்டரை எடுத்து வெச்சுக்கிட்டு ஆய்வேடு திருத்த மாட்டாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பொய் எழுதலியே. எடுத்த தண்ணி அதுதான். வந்த எண் அதுதான். குடுங்க. பட்டத்தை வாங்குங்க. அப்புறம் நிதானமா வாரத்துல ஏழு நாளும் எடுத்து ஒரு கட்டுரை எழுதுங்க. நானே படிச்சுத் தர்றேன்."

"முடிவு தப்பா இருக்கே சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற முடிவு கிடைக்குமா?"

அவள் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டாள்.

"முடிவு மாறினா தலைப்பையும் மாத்தணும், அதுக்குக் கமிட்டிக்குப் போகணும். அதுக்கு ரெண்டு மாசம். உங்களுக்கு இருக்கிறது மூணு நாள். யோசிங்க பஞ்சவர்ணம். அஞ்சு வருஷம்."

மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஆய்வேட்டை மடியில் வைத்திருந்தாள். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று பட்டது. வில்லிவாக்கம் வரை அதையே யோசித்தாள். கொரட்டூர் தாண்டியதும் மூன்றாம் படம் இருந்த பக்கத்தைத் திறந்தாள். இருண்ட படம்; ஞாயிறு எடுத்தது இன்னும் ஸ்டுடியோவிலிருந்து வரவில்லை. அதன் கீழே வரி மட்டும் தெளிவாக இருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியின் முடிவில் ஒரு சொல்லைச் சேர்த்தாள்: ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஆவடியில் இறங்கும்போது அட்டவணையில் ஒரு புதிய பத்தி போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதற்குப் பின் என்ன எழுதுவது என்பது தெரியவில்லை.

*

தட்டச்சு செய்தவர் சாதுல்லா. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் அவருடைய தட்டச்சுப் பள்ளி. ரசாயனக் குறியீடுகளை மேலும் கீழும் இறக்கிச் சரியாக அடிப்பார் என்று ஆவடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். புதன்கிழமை காலை அவள் போனபோது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. பைண்டிங் ஆயிடுச்சா?"

"அட்டவணை எல்லாத்தையும் மறுபடி அடிக்கணும் பாய். தேதிக்குப் பக்கத்துல கிழமை."

"ஒரு பத்திதானே." தாளை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே கண் இறங்கியது. "சண்டே. சண்டே. சண்டே. என்னம்மா, ஐம்பத்திரண்டும் சண்டேயா?"

"ஆமா."

"முதல் வரில ஒண்ணு போட்டுட்டு, கீழ எல்லாம் ‘மேற்படி’ குறி தட்டிவிட்டுடலாமே."

"வேணாம். ஒவ்வொண்ணையும் அடிங்க."

"நம்ம மெஷின்ல எஸ் எழுத்து ஏற்கெனவே தேஞ்சு கெடக்கு. உங்க சண்டேவுல அது மௌத்தாயிடும்." ஆனால் தாளைச் சொருகினார். "கடைசி அத்தியாயம்?"

"அது இன்னும் எழுதல. நாளைக்கு மத்தியானம் தர்றேன்."

"அம்மா, நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை நேரம் கடை அடைச்சிடுவேன்."

"அதுக்குள்ள வாங்கிக்கிறேன்."

அவள் படியிறங்கும்போது பின்னால் தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில்.

அங்கிருந்து நேராக அப்பாவுவின் வீட்டுக்குப் போனாள். கூரை போட்ட இடத்தில் அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் வெள்ளைத் துணி மூட்டைகள் நான்கு. வரலட்சுமி முக்காலி போட்டாள். இந்த முறை பஞ்சவர்ணம் பாட்டில் கொண்டு வரவில்லை. நோட்டு மட்டும் வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வெள்ளைன்னு எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா" என்றார் அப்பாவு.

"எந்த வருஷம்?"

"வருசம் யாருக்குத் தெரியும். வேட்டி கிழிஞ்சதுக்கு எங்கப்பன்கிட்ட லாட்ஜு முதலாளி சண்ட போட்டாரு. அதுலேர்ந்து."

"எண்பத்தாறுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அப்பாவு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து யோசித்தார். வரலட்சுமி சொன்னாள்:

"நம்ம பெரியவ கல்யாணத்தப்பவே வெள்ளைக்கு ஞாயித்துக்கெயமைதான்யா. அன்னிக்கு வெள்ளை போட வுடல, முகூர்த்தம் ஞாயித்துக்கெயமைல வந்துட்சின்னு நீ கத்தினியே. மூட்ட அப்டியே நின்னுது. பொண்ண அனுப்பிட்டு அழாம, மூட்டைய பாத்து அழுதது இது ஒண்ணுதான்."

"அந்தக் கல்யாணம் எப்ப?"

"வெள்ளம் வந்துதே, ஊரே முழுகிச்சே. அதுக்கு முந்தின வருசம்."

வெள்ளம் எண்பத்தைந்தில். பஞ்சவர்ணம் நோட்டில் 1984 என்று எழுதினாள்.

"நடுவுல ஏதாச்சும் மாத்தினீங்களா? ஒரு வருஷமாவது, வேற நாள்லயும் வெள்ளை போட முடிஞ்சுதா?"

"இல்லம்மா. இன்னிக்கு வரைக்கும் இதான்."

பக்கத்து மூன்று வீடுகளிலும் கேட்டாள். ஒருவர் நாகம்மன் கோயில் தேரை வைத்துச் சொன்னார். ஒருவர் தம்பி இறந்த வருடத்தை வைத்துச் சொன்னார். எல்லாக் கணக்கும் எண்பத்தாறுக்கு முன்னால் போய் நின்றது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் எழுதினாள். ஒன்பது பக்கமாக இருந்த கடைசி அத்தியாயம் நான்கு பக்கம் ஆயிற்று. ஐம்பத்திரண்டு மாதிரிகளும் பட்டறைகள் மூடியிருந்த நாளில் எடுக்கப்பட்டவை. எடுத்தவளுக்கு விடுமுறை அன்றுதான் என்பது காரணம். அவற்றைக் கொண்டு கால்வாய் சுத்தம் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை எடுத்த ஒரு மாதிரி வரம்புக்கு வெளியே இருக்கிறது. ஒன்றைக் கொண்டும் எதுவும் சொல்ல முடியாது. நீரில் கழிவு எவ்வளவு இருக்கலாம் என்பதைப் படித்த பாடங்கள் சொல்கின்றன, எந்தக் கிழமை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான்கு சலவைக் குடும்பங்களின் வாரம் தனி அட்டவணையாகத் தரப்பட்டுள்ளது. கடைசி இரண்டு வாக்கியங்களை அடித்து அடித்து எழுதினாள். சட்டம் 1986ல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சலவைக்காரர்களின் கிழமை மாறவில்லை.

உத்தமன் அதை வாசித்தான். மெதுவாக, உதடு அசைய.

"இதுக்கு மார்க் போடுவானா?"

"தெரியல."

"பெயில் பண்ணிட்டான்னா?"

"பதிவு முடிஞ்சிருச்சு. அவ்வளவுதான்."

அவன் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, அவளிடம் கொடுத்தான். "பூந்தமல்லிக்கு நான் விடுதேன். பஸ்ல போனா கசங்கிப் போகும்."

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரகுநாதன் அறையில் நின்றாள். அவர் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். அட்டவணைப் பக்கத்துக்குப் போனார். சண்டே என்ற சொல் மேலிருந்து கீழ் வரை நின்றது. எஸ் எழுத்து பாதிக்குமேல் மங்கியிருந்தது.

"தலைப்பு பழையதுதானே இருக்கு?"

"ஆமா சார். கமிட்டிக்குப் போகணும்னீங்க."

"தலைப்பு ஒண்ணு சொல்லுது, முடிவு வேற சொல்லுது. வெளித் தேர்வாளர் இதைத் திருப்பி அனுப்பலாம்."

"தெரியும் சார்."

"நான் அன்னைக்குச் சொன்னது உங்க நல்லதுக்குத்தான்."

"அது தெரியாதா சார்."

அவர் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். ஐந்து பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதை உடனே தரவில்லை.

"சலவைக்காரங்க வாரம்னு அட்டவணை போட்டிருக்கீங்களே, இந்த ஒரு பிரதி எங்கிட்ட இருக்கட்டும். ஆபீசுக்கு நாலு போதும்."

அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். நாலு மணி இருபது நிமிடம். ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, முடிவு தபாலில் வரும் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. உத்தமன் முதல் ஷிப்டுக்குப் போனான். பஞ்சவர்ணம் எட்டரைக்குப் பள்ளிக்குப் போனாள். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாகிவிட்டது. ஆய்வகத்தில் ஆண்டுச் சரிபார்ப்பு. சோதனைக் குழாய்களில் பதினாலு உடைந்திருந்தன, பியூரெட் இரண்டு. துத்தநாகப் பொடி கட்டி தட்டிப்போயிருந்தது. பட்டியலைத் தலைமையாசிரியர் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். மதியம் கத்தரிக்காய் சாதம் சாப்பிட்டாள். பிறகு அலமாரிகளின் கண்ணாடியைத் துடைத்தாள். இயற்பியல் ஆசிரியர் வந்து ஒரு காந்தம் கேட்டார், எடுத்துக் கொடுத்தாள். நான்கு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிவிட்டு, சாவியை அலுவலகத்தில் கொடுத்தாள். எஸ்டேட்டில் இந்நேரம் தொட்டி கழுவத் தொடங்கியிருப்பார்கள்.